இயற்கை ஒலிகளும் மன நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவைச் சத்தம், மழைச் சத்தம் கேட்டால் மனசு லேசாகிறது என்பது சோதித்துப் பார்த்த விஷயமா, சும்மா சொல்வதா?

சோதித்துப் பார்த்ததுதான். 2010-இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் 40 பேருக்கு மனக்கணக்கு கொடுத்துப் பதற்றப்பட வைத்தார்கள். அதன்பின் சில நிமிட ஓய்வு. ஓய்வின்போது ஒரு தடவை நீரூற்றும் பறவைகளும் கலந்த ஒலி, இன்னொரு தடவை வண்டி இரைச்சல் என்று மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். பதறும்போது உள்ளங்கை வியர்ப்பதால் தோலின் மின்கடத்தும் தன்மை கூடும், அதை அளந்தார்கள். 50 டெசிபல் (சத்தத்தின் அளவைச் சொல்லும் அலகு) இயற்கை ஒலியில் அது சீக்கிரமாகவே பழைய நிலைக்கு இறங்கியது. 80 டெசிபல் வண்டி இரைச்சலோடு ஒப்பிட்டபோதுதான் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தில் அப்படியொரு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை.

2022-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 295 பேரை இணையவழியாக ஆறே நிமிடம் கேட்க வைத்தார்கள். பறவைக் குரல் கேட்டவர்களுக்குப் பதற்றமும், பிறர்மீது காரணமில்லாமல் எழும் சந்தேக எண்ணமும் குறைந்தன. வண்டி இரைச்சல் கேட்டவர்களுக்கு மனச்சோர்வு சற்றுக் கூடியது. நினைவாற்றல் சோதனையில் இரண்டு தரப்புக்கும் மாற்றமில்லை. "இயற்கை ஒலி மூளையைக் கூர்மையாக்கும்" என்று விளம்பரம் பார்த்தால் இந்தக் கடைசி வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டில் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஒரு செல்போன் செயலி வழியாக 1,292 பேரிடம் நாளில் பலமுறை "இப்போது பறவை கண்ணில் படுகிறதா, காதில் விழுகிறதா, மனநிலை எப்படி" என்று கேட்டது. பறவையைப் பார்த்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் அந்த நேரத்து மனநிலை மேலாக இருந்தது; எட்டு மணி நேரம் வரைகூட அதன் சாயல் தெரிந்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் இது காணப்பட்டது.

இது எப்படி வேலை செய்கிறது?

ஒரே விளக்கம் இல்லை. உளவியலாளர்கள் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இருவரும் முன்வைத்த கருத்து இது: வேலையில் நாம் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும், இயற்கை நம் கவனத்தை மெதுவாக, வற்புறுத்தாமல் இழுப்பதால் அந்தக் களைப்பு ஆறும். ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் சொல்வது வேறு. பாதுகாப்பான இயற்கைச் சூழலை உடம்பு அடையாளம் கண்டதும், யோசிக்கும் முன்பே இறுக்கம் தளர்கிறது என்பது அவர் வாதம்.

நமக்கு அதிகம் பயன்படுவது 2017-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் பகுதியில் நடந்த மூளை ஸ்கேன் ஆய்வு. பங்கேற்றவர்கள் 17 பேர்தான், சின்ன ஆய்வு. செயற்கை ஒலிகளைக் கேட்கும்போது கவனம் உள்நோக்கி, அதாவது கவலையையும் பழைய பேச்சையும் அசைபோடும்போது திரும்பும் பக்கம் போனது. இயற்கை ஒலிகளைக் கேட்கும்போது வெளிநோக்கித் திரும்பியது. ஆய்வுக்கு வரும்போதே அதிக இறுக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் உடல் தளர்வு கூடுதலாகக் கிடைத்தது. ஏற்கெனவே நிம்மதியாக இருப்பவருக்குப் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

ஸ்வீடனின் யெவ்லே பல்கலைக்கழகத்தில் 2016-இல் செய்த ஒரு குறும்பான சோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே "ஷ்ஷ்ஷ்" ஒலியைப் போட்டார்கள். ஒரு குழுவிடம் இது அருவி என்றார்கள், இன்னொரு குழுவிடம் இது தொழிற்சாலை இயந்திரம் என்றார்கள். அருவி என்று நம்பிக் கேட்டவர்கள்தான் களைப்பு ஆறியதாகச் சொன்னார்கள். ஆக, ஒலி எங்கிருந்து வருகிறது என்று மனம் எடுத்துக்கொள்வதும் மருந்தில் பாதி. அடையாளம் தெரியாத ஒலியை எட்டு மணி நேரம் ஓடவிடுவதைவிட, "இது தையல்சிட்டு, இது கொண்டைக்குருவி" என்று தெரிந்து ஐந்து நிமிடம் கேட்பது மேல் என்று நாங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

தண்ணீரா, பறவையா, காற்றா? எது நல்லது?

அமெரிக்க, கனடா ஆய்வாளர்கள் உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் திரட்டி 2021-இல் ஒப்பிட்டார்கள். நல்ல மனநிலைக்குத் தண்ணீர் ஒலி முந்தியது; எரிச்சலையும் இறுக்கத்தையும் தணிப்பதில் பறவைக் குரல் முந்தியது. வேலை முடிந்து எரிச்சலோடு வருபவர் பறவையையும், மந்தமாக இருப்பவர் ஓடைத் தண்ணீரையும் முதலில் முயலலாம். இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே ஆய்வுக்காக அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 221 இடங்களில் பதிவுசெய்த ஒலிகளையும் பார்த்தார்கள். இயற்கை ஒலி நிறையவும் மனித இரைச்சல் குறைவாகவும் இருந்த இடங்கள் ஏறத்தாழ 11 சதவீதம்தான். பூங்காவுக்குள்ளேயே இந்த நிலை என்றால் நகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாப் பறவைக் குரலும் அமைதி தருமா? விடிகாலைக் குயில் எனக்குத் தலைவலிதான்.

உங்களுக்கு மட்டும் அல்ல. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வுகளில் பாடும் சிறு பறவைகளின் குரல் பலருக்கு ஆறுதலாகவும், காகம் போன்றவற்றின் கரகரப்பு எரிச்சலாகவும் பட்டது. முரட்டுக் குரல், ஒரே தொனியைத் திரும்பத் திரும்ப அடிப்பது, கெட்ட சகுனம் என்று பழகிய நினைவு ஆகியவை ஒலியைக் கெடுக்கும்.

ஆண் குயில் இனப்பெருக்கக் காலத்தில், நம் பக்கம் கோடையில், விடியும் முன்பே தொடங்கி ஒவ்வொரு கூவலையும் முந்தையதைவிட உயர்த்திக்கொண்டே போகும். அடுத்தது எப்போது என்று மனம் காத்திருக்கிறது, தூக்கம் போகிறது. சிங்கப்பூரில் குயில் சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்பவர்கள் புகார் கொடுப்பது பழகிப்போன செய்தி. அக்காக்குயிலும் இதே வகை. இதற்கு மாறாகக் குண்டுக்கரிச்சான் ஒரே தொடரைத் திருப்பிப் பாடாமல் மாற்றி மாற்றிப் பாடும், நடுவில் இடைவெளி விடும். கேட்பவரின் கவனம் சலிக்காமல் நிற்கும்.

எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தத்தில் கேட்பது?

ஆய்வுகளில் பயன் தெரிந்த நேரம் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். தினமும் ஒரே வேளையில் பத்து நிமிடம் போதும். நாள் முழுக்கப் பின்னணியில் ஓடவிட்டால் அரை மணி நேரத்தில் காது அதைக் கணக்கிலேயே எடுக்காது. மின்விசிறிச் சத்தத்தோடு சத்தமாகப் போய்விடும்.

அளவு 40 முதல் 50 டெசிபல். கருவி இல்லாவிட்டால் இப்படிப் பாருங்கள்: ஒலி ஓடும்போது எதிரே இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும், பேச்சு நின்றதும் ஒலி கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் இறக்கும் டெசிபல் செயலிகள் போனுக்குப் போன் வேறு வேறு எண் காட்டும். நேற்றைவிட இன்று கூடவா குறைவா என்று பார்க்க மட்டும் அவை உதவும்.

கேட்கும் முறை எளிது. போனைத் தள்ளி வையுங்கள். கண்ணை மூட வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் மிகத் தொலைவில் கேட்கும் ஒலியைத் தேடுங்கள், பிறகு மிக அருகில் உள்ளதை. பின் ஒரே ஒரு ஒலியை எடுத்துக்கொண்டு, அது எந்தத் திசையில், எவ்வளவு இடைவெளியில் வருகிறது என்று பின்தொடருங்கள். நினைப்பு வேறெங்கோ போனால் மறுபடி தொலைவில் உள்ள ஒலியிலிருந்து தொடங்கலாம். மூச்சை எண்ணித் தியானம் செய்ய உட்கார்ந்தால் கவலை கூடுகிறது என்பவர்களுக்கு இந்த முறை பல நேரம் ஒத்துவருகிறது, ஏனென்றால் கவனம் நெஞ்சுக்குள் போகாமல் வெளியே நிற்கிறது.

போனில் பதிவைப் போட்டுக் கேட்டாலும் அதே பயன் உண்டா?

மேலே சொன்ன ஆய்வுகளில் பல, பதிவுகளை வைத்துத்தான் நடந்தன. பயன் உண்டு. ஆனால் பதிவு கெடும் வழிகளும் நிறைய.

முதலாவது, போனின் ஒலிபெருக்கி. நகக்கண் அளவுள்ள அது தாழ்ந்த ஒலிகளை வெளியிடவே வெளியிடாது. கடல் அலையின் கனமான பகுதி உதிர்ந்து, மேலே இருக்கும் "ஸ்ஸ்" மட்டும் மிஞ்சும். அலையும் மழையும் இரைச்சலாகக் கேட்பது இதனால்தான். பறவைக் குரல் பெரும்பாலும் 2,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் (தொனி எவ்வளவு உயரம் என்று சொல்லும் அலகு) வரை இருப்பதால் போனிலேயே ஓரளவு நன்றாக வரும். தண்ணீர் ஒலி வேண்டுமென்றால் சுமாரான ப்ளூடூத் ஒலிபெருக்கியாவது தேவை. அதைக் காதருகே வைக்காமல் இரண்டு மீட்டர் தள்ளி, சுவரையோ ஜன்னலையோ பார்த்தபடி வைத்தால் ஒலி பரவி வரும்.

இரண்டாவது, சுழற்சி. "பத்து மணி நேரம்" என்று போட்டிருக்கும் பதிவுகள் பல, ஒரு நிமிடத் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டியவை. அதே காகம் அதே இடத்தில் கரைவதை மனம் கண்டுபிடித்துவிட்டால் அதற்குப் பிறகு அதையே எதிர்பார்க்கும். ஐந்து நிமிடம் கூர்ந்து கேட்டு, திரும்ப வரும் ஒலி ஏதாவது உண்டா என்று பாருங்கள்; இருந்தால் வேறு பதிவுக்குப் போங்கள். நடுவில் பியானோ சேர்த்தவற்றையும் தவிர்க்கச் சொல்வோம், அது வேறு விஷயம். நடுவில் விளம்பரம் வந்து அலறினால் அதுவரை அடைந்த தளர்வு போய்விடும். அதனால் பதிவிறக்கி வைத்துக் கேளுங்கள். செனோ-கான்டோ தளத்தில் உலகெங்கும் பறவை ஆர்வலர்கள் ஏற்றிய குரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் ஊர்ப் பறவைகளும் உண்டு.

ஐரோப்பியக் காட்டுப் பறவைகளைவிடச் சிறு வயதில் கேட்டுப் பழகிய தவிட்டுக்குருவி, செம்போத்து, தவளைச் சத்தம் பலருக்கு நெருக்கமாகப் படும். ஒரு வாரம் விடிகாலையில் ஜன்னலோரம் போனை வைத்து நீங்களே பதிவுசெய்து, அதில் நல்ல இருபது நிமிடத்தை எடுத்துக்கொள்வது நல்ல வழி. பதிவுசெய்யும்போது போனை விமானப் பயன்முறையில் போட்டு, அடியில் மடித்த துண்டை வையுங்கள். மேசையின் அதிர்வு பதிவாகாது.

வீடு மெயின் ரோட்டில். இயற்கை ஒலியைக் கூட்டி வைத்து இரைச்சலை மூடலாமா?

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். வண்டி இரைச்சலின் கனம் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே; பறவைக் குரல் அதற்கு மேலே. ஒன்று மற்றொன்றை மூடாது, இரண்டும் சேர்ந்து கேட்கும். மூட வேண்டுமென்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் மொத்தச் சத்தம்தான் ஏறும். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55, இரவு பத்து மணிக்குமேல் 45 டெசிபல். மெயின் ரோட்டு வீடுகளில் ஜன்னலைத் திறந்தாலே அது தாண்டிவிடும்.

எனவே முதலில் குறைக்க வேண்டியது இரைச்சலை. ஸ்லைடிங் ஜன்னலில் கண்ணாடியைவிட இடுக்குகள்தான் எதிரி. இரண்டு கதவும் சந்திக்கும் இடத்திலும் கீழ்த் தடத்திலும் உள்ள பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். மரச் சட்ட ஜன்னலுக்கு ரப்பர் பீடிங் ஒட்டலாம். ஏசிக்காகச் சுவரில் போட்ட குழாய் ஓட்டையைச் சுற்றியுள்ள இடைவெளியை அடையுங்கள். கனத்த திரைச்சீலை வெளிச் சத்தத்தைப் பெரிதாக நிறுத்தாது. அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவே. ரோட்டுக்கு எதிர்ப்பக்க அறை ஒன்று இருந்தால், கேட்கும் பத்து நிமிடத்தை அங்கே வைத்துக்கொள்வது எல்லாச் செலவையும் மிச்சப்படுத்தும். சீலிங் ஃபேனையும் ஒரு புள்ளி குறையுங்கள். வாசலில் பறவையே இல்லை என்று சொல்லும் பல வீடுகளில் ஃபேன்தான் அதை மறைக்கிறது.

இரைச்சல் பறவைகளையும் மாற்றுகிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் இரைச்சலான தெருக்களில் வாழும் பட்டாணிக்குருவி இனம் உயர்ந்த தொனியில் பாடுவதை 2003-இல் பதிவுசெய்தார்கள். 2020 ஊரடங்கில் சான் பிரான்சிஸ்கோ அடங்கியபோது அங்குள்ள ஒரு குருவியினம் முன்பைவிடச் சன்னமான குரலில் பாடியது, ஆனாலும் குரல் இருமடங்கு தூரம் எட்டியது.

சின்ன நீரூற்று வாங்கி வைத்தால்?

தண்ணீர் ஒலி வண்டி இரைச்சலை ஓரளவு மறைக்கும். ஆனால் அது இரைச்சலுக்கு ஏறக்குறையச் சமமாக, குறைந்தால் 3 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது ஆய்வுகளில் கண்டது. மேசை நீரூற்றுக்கு அந்த வலு கிடையாது. அமைதியான அறைக்குத்தான் அது பொருந்தும்.

வாங்கும் முன் கடையில் ஓடவிட்டுக் கேளுங்கள். உயரத்திலிருந்து ஒற்றைத் தாரையாக விழுந்தால் குழாய் மூடாத சத்தம்தான் வரும். கற்கள்மேல் பரவி வழிந்தால் ஓடைபோல ஏற்ற இறக்கம் கிடைக்கும். சில நாளில் "கர்ர்" என்று கேட்டால் பெரும்பாலும் தண்ணீர் மட்டம் இறங்கி மோட்டார் காற்றை இழுக்கிறது என்று பொருள். மோட்டாரின் உறிஞ்சும் வாய் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து ஒலி மங்கும். வினிகர் கலந்த தண்ணீரில் மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டுக் கழுவலாம். வாரம் ஒருமுறை தண்ணீரை முழுவதும் கொட்டி, தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நீங்களே வீடு கட்டிக்கொடுத்ததாகும்.

மாடிக்குப் பறவைகளை வரவழைப்பது எப்படி?

தானியம் போடாதீர்கள். புறாதான் வரும், மற்றவற்றை விரட்டும். அதன் எச்சத்தால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையும் வரும். அகலமான மண்தட்டில் மூன்று, நான்கு செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் நிற்க ஒரு கல், தினமும் மாற்று நீர். தேன்சிட்டுக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் போதும். பூனை பதுங்கும் இடத்திலிருந்து தட்டைத் தள்ளி வையுங்கள். இரண்டு மூன்று வாரம் எதுவும் வராமல் இருப்பது சாதாரணம்.

தூக்கத்துக்கு இரவு முழுக்க மழைச் சத்தம் ஓடவிடலாமா?

தூங்கப் போகும்போது முப்பது நிமிட டைமர் வைத்து ஓடவிடலாம். இரவு முழுக்க ஓடுவதால் தூக்கம் ஆழமாகிறது என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. இடி கலந்த பதிவு வேண்டாம்; ஒலி திடீரென்று எழும்பினால் விழிப்புத் தட்டும். இயர்போன் போட்டுத் தூங்குவது காதுக்குழாய்க்கும் நல்லதல்ல.

கைக்குழந்தை அறையில் வைக்கும் ஒலிக் கருவிகளில் கவனம் தேவை. 2014-இல் 14 கருவிகளை முழுச் சத்தத்தில் சோதித்தபோது அவற்றில் மூன்று கருவிகள் 30 செ.மீ. தூரத்தில் 85 டெசிபலைத் தாண்டின. தொட்டிலிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி, மிகக் குறைந்த சத்தத்தில், குழந்தை தூங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

காதுக்குள் ஓயாத இரைச்சல் உள்ளவர்களுக்கு?

உதவும். முழு அமைதியில் அந்த இரைச்சல் பெரிதாகத் தெரியும். மெல்லிய தண்ணீர் ஒலியை அதற்குச் சற்றுக் கீழே, இரைச்சல் இன்னும் லேசாகக் கேட்கும் அளவில் வையுங்கள். முழுக்க மறைத்தால் மூளை அதற்குப் பழகாது. ஒரு காதில் மட்டும் இரைச்சல், திடீர்ச் செவிக்குறைவு, தலைசுற்றல் என்றால் முதலில் காது மருத்துவர்.

யாருக்கு இது ஒத்துவராது?

ஒலி கெட்ட நினைவோடு கட்டுண்டவர்களுக்கு. 2004 ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தவருக்குக் கடல் அலை ஆறுதலாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2015 சென்னை வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவருக்கு விடாத மழையும் அப்படியே. நெஞ்சு படபடத்தால் உடனே நிறுத்துங்கள், "பழகிவிடும்" என்று கட்டாயப்படுத்த வேண்டாம். சின்னச் சின்ன ஒலிகூடக் கடும் கோபத்தை மூட்டும் சிலர் உண்டு. சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் அவர்களுக்கு வாதைதான்.

மனச்சோர்வுக்கு மருந்துக்குப் பதிலாக இதைச் செய்யலாமா?

கூடாது. ஆய்வுகள் காட்டியது அந்தந்த நேரத்து மனநிலை மாற்றத்தை. நோய் குணமாவதை அல்ல. மருந்தையோ ஆலோசனையையோ நிறுத்தாமல் கூடவே கேட்கலாம். இரண்டு வாரத்துக்குமேல் சோர்வு, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416, தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

வெளியே போய்க் கேட்க எந்த நேரம் நல்லது?

விடிவதற்கு அரை மணி முன்பிலிருந்து விடிந்து ஒரு மணி நேரம் வரை. காற்று அடங்கியிருக்கும், வண்டியும் குறைவு. வேடந்தாங்கலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூட்டம் கூட்டமாகப் பறவைகள் இருக்கும். அந்த இரைச்சல் அமைதி தருமா என்பது ஆளைப் பொறுத்தது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பல தீபாவளிகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை.

குரல் யாருடையது என்று தெரியாவிட்டால் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி கேட்டுச் சொல்லும். இந்தியப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். அது சொல்லும் பெயரை அப்படியே நம்பிவிடாமல் பறவையைக் கண்ணாலும் பார்த்துவிடுங்கள்; கரிச்சானும் மைனாவும் மற்றப் பறவைகளின் குரலைப் போலச்செய்து அதை ஏமாற்றும்.